மணலுக்குள் பத்து நிமிடம்

வில்லியனூரில் நம் இல்லத்து அடுப்படியில் பழைய இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. அது மணல் வறுப்பதற்கென்றே வைத்திருந்த சட்டி. சங்கராபரணி ஆற்று மணலைச் சலித்து வறுத்து, துணியில் முடிந்து, அத்தாவின் மூட்டுகளுக்கு அம்மா ஒத்தடம் கொடுப்பார்கள். அந்தச் சுடுமணல் வாடையை ஜப்பான் நாட்டின் தென்கோடியில் மீண்டும் நுகர்வோம் என்று நாம் கனவிலும் கருதியதில்லை.

நம் மகன் ஃபுக்குவோக்கா நகரில் பணிபுரிகிறான். அவனைக் காணச் சென்றிருந்தபோது, தாயாரின் முழங்கால் வலியைக் கண்டு, "வெந்நீரூற்றில் குளித்தால் சுகமாகும், அத்தா" என்றான். நாம் உடனே மறுத்தோம். அந்நாட்டுப் பொதுக் குளிப்பகங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடமுண்டு. ஆயினும் நீரில் இறங்குவோர் மேனியில் ஆடை இருத்தலாகாது. ஆண்களுக்கிடையிலும் மறைக்க வேண்டியதை மறைத்தே பழகிய நமக்கு அது ஒவ்வுமா? "உடுத்த உடையோடு கிடக்கும் குளியலும் உண்டு" என்று சொல்லி, இபுசுக்கி என்னும் கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றான். குளித்தெழத் தனிக் குளியலறைக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

காகோஷிமா வரை அதிவேக ரயில். அங்கிருந்து கடலோரமாகச் சிறு ரயில். இபுசுக்கிக் கடற்கரையின் அடியில் வெந்நீரூற்று கடலை நோக்கி ஓடுகிறது. அதன் வெம்மையால் மணல் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஏறத்தாழ 300 ஆண்டுகளாக நோயுற்றோர் அம்மணலில் புதைந்து கிடந்து நலம் தேடி வருகின்றனர். வெப்பமும் மணலின் கனமும் சேர்ந்து குருதியோட்டத்தை விரைவுபடுத்துகின்றன.

'யுகாத்தா' என்னும் பருத்தி அங்கி தந்தார்கள். நாம் வலப்புற மடிப்பை மேலாக இட்டுக் கட்டினோம். மண்வெட்டியுடன் நின்ற மூதாட்டி பதறிக் கையசைத்தார். "உயிரோடு இருப்பவர்கள் இடப்புறத்தைத்தான் மேலே போடுவார்கள், அத்தா. வலப்புறம் மேலே வந்தால் அது இறந்தவர் உடுப்பு" என்றான் மகன். நகைத்தவாறே மாற்றிக் கட்டிக்கொண்டோம்.

முதல் மண் மார்பில் விழுந்ததும் அந்த நகைப்பு அடங்கிற்று.

1989ஆம் ஆண்டு அத்தா மௌத்தானபோது நாம் குவைத்தில் இருந்தோம். தந்தி வந்தது; விடுப்புக் கிடைக்கவில்லை. கபறில் மூன்று பிடி மண் இடும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. ஓராண்டு கழித்து ஊர் திரும்பி, மையவாடியில் மீசான் கல்லைத்தான் கண்டோம். இங்கோ, பெயரறியா மூதாட்டி ஒருவர் நம்மைக் கழுத்து வரை மண்ணால் மூடுகிறார். நாடித் துடிப்பு விரல் நுனிகளில் அடித்தது. வேர்வை கண்ணில் வழிந்தது. வேர்வையோடு கண்ணீரும் வழிந்ததை அருகில் கிடந்த மகன் அறிந்திரான்.

பத்து நிமிடத்தில் எழச் சொன்னார்கள். மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தோம். நம் துணைவியாரோ கைப்பிடியின்றி எழுந்து நின்று, "மாமி வறுத்த அதே மணல்தாங்க; சட்டிதான் பெரிசு" என்றார்.

அந்தச் சுகம் நான்கு நாள் நின்றது. ஊர் திரும்பியதும் பரணில் கிடந்த சட்டியைத் தேடி எடுத்துத் துலக்கினோம். இப்போது இரவுதோறும் துணைவியாருக்கு நாமே மணல் வறுத்து ஒத்தடம் கொடுக்கிறோம். அத்தாவுக்கு ஒருநாளேனும் நாம் வறுத்துக் கொடுத்ததில்லை. அல்லாஹ் அவர்களின் கபறை விசாலமாக்குவானாக.