கெண்டைக்காலிலிருந்து மூளைக்கு

ஜூன் 12, 2025, வியாழன்

சாயங்காலம் டியூஷன் விட்டு வந்துகொண்டிருந்த பேரனை முக்குக் கடை அருகே ஒரு நாய் கடித்துவிட்டது. வலது கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா கை நிறையக் காபித்தூளோடு ஓடி வந்தார். நல்ல மனசுதான். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அவனைத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். "போதும் ஆச்சி, எரியுது" என்று அழுதான். "இன்னும் கொஞ்ச நேரம்ல, ராசா" என்று சொல்லிச் சொல்லி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன்.

அந்தக் கால் மணி நேரத்தை எழுதிவைக்க வேண்டும். ரேபிஸ் வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது. எந்தச் செல்லிலிருந்து வெளியே வருகிறதோ அந்தச் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வருகிறது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும். உறை போனால் அதில் செருகியிருக்கும் புரத முட்களும் போகும். முள் இல்லாத வைரஸ் எந்தச் செல்லுக்குள்ளும் நுழைய முடியாது. ஓடுகிற தண்ணீர் மிச்சம் மீதியை அடித்துக்கொண்டு போகும். நரம்பைத் தொடும் முன்பே வைரசை அழிக்க நம் வீட்டில் இருக்கிற மருந்து இது ஒன்றுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே "கழுவினீங்களா?" என்பதுதான். தோல் கிழிந்து ரத்தம் வந்திருப்பதால் மூன்றாம் வகைக் கடி என்று எழுதினார்கள். காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் இம்யூனோகுளோபுலின் போட்டார்கள். பிறகு இரண்டு மேல்கையிலும் தோலுக்குள் தடுப்பூசி, கைக்கு 0.1 மில்லி. கொசுக்கடித் தடிப்புபோல் சின்னதாக எழும்பி அடங்கியது.

இரண்டும் ஏன் என்று மகள் கேட்டாள். தடுப்பூசியைப் பார்த்து உடம்பு தானே எதிர்ப்புப் புரதம் செய்ய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதுவரை காயத்தில் காவலுக்கு ஆள் வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்பது வேறு உடலில் ஏற்கெனவே உருவான எதிர்ப்புப் புரதம். அதை இடுப்பில் போட்டால் அவ்வளவாகப் பயனில்லை. வைரஸ் இருக்கும் இடத்திலேயே போட வேண்டும். அதனால்தான் பிள்ளை அப்படிக் கதறினான்.

ஜூன் 13, வெள்ளி

அவன் தூங்குகிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவள். கரும்பலகையில் போட்ட படமெல்லாம் இப்போது அந்தக் கெண்டைக்காலுக்குள் ஓடுகிறது.

வைரசுக்குத் துப்பாக்கிக் குண்டின் வடிவம். நீளம் சுமார் 180 நானோமீட்டர். உள்ளே ஏறத்தாழ 12,000 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதில் ஐந்தே மரபணுக்கள், அவற்றிலிருந்து ஐந்து முக்கியப் புரதங்கள். மனிதனின் மரபுச் செய்தி 300 கோடி எழுத்து. அந்த ஐந்து புரதத்தை வைத்துக்கொண்டு இது ஆளைச் சாய்க்கிறது.

எச்சிலோடு தசைக்குள் விழுந்த வைரசில் ஒரு பகுதி அங்கேயே தங்கிச் சிறிது பெருகலாம். நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில், தசையை அசைக்கச் சொல்லும் அசிடைல்கோலின் வந்து உட்காருவதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. வைரசின் முள் அவற்றிலும், நரம்புச் செல்லின் மேலுள்ள வேறு சில புரதங்களிலும் பிடித்துக்கொள்கிறது. செல் அதை ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடும்போது முட்கள் வடிவம் மாறி, வைரசின் உறையும் பையின் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, உள்ளிருக்கும் இழை செல்லுக்குள் விடுபடுகிறது. நுழையும் வேலையைப் பெரும்பாலும் நம் செல்லே செய்து கொடுத்துவிடுகிறது.

அடுத்தது பெருகுவது. அச்சகத்தில் கோத்த ஈய எழுத்து இடவலம் மாறி இருப்பதுபோல, இந்த ஆர்.என்.ஏ.யும் நம் செல் வாசிக்க முடியாத மாற்றுப் பதிவு. அதைத் திருப்பி எழுதும் நொதி நம் செல்லில் கிடையாது. ஆகவே வைரஸ் அந்த நொதியைத் தன்னோடு கொண்டுவருகிறது. முதலில் ஐந்து மரபணுக்களுக்கும் வாசிக்கத்தக்க படிகள் தயாராகின்றன. அவற்றை நம் செல்லின் ரைபோசோம்கள் வாங்கி, நம் அமினோ அமிலங்களையும் நம் ஆற்றலையும் செலவழித்துப் புரதமாக்கித் தருகின்றன. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் அதே நொதி முழு இழையையும் நகலெடுக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு நகலையும் புரதம் சுற்றிக்கொள்ள, செல்லின் சவ்வை உறையாகப் போர்த்திக்கொண்டு புதுக் குண்டுகள் மொட்டுவிட்டுப் பிரிகின்றன.

1903இல் இத்தாலியர் அடெல்கி நெக்ரி, வெறிநோயில் இறந்த விலங்குகளின் மூளைச் செல்லுக்குள் உருண்டையான திட்டுகளைக் கண்டார். நோயை உறுதிசெய்யும் அடையாளமாகப் பல காலம் அவை பயன்பட்டன. அந்தத் திட்டுகளில்தான் வைரசின் ஆர்.என்.ஏ. தயாராகிறது என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே தெளிவானது.

நரம்பு இழைக்குள் தண்டவாளம்போல் நுண்குழல்கள் உண்டு. சரக்கைச் செல்லின் உடலுக்கு இழுத்துச் செல்லும் டைனீன் என்ற மோட்டார்ப் புரதம் அவற்றின்மேல் ஓடுகிறது. வைரஸ் அதில் ஏறிக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர். பிள்ளையின் கெண்டைக்காலுக்கும் மூளைக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அந்த வேகத்தில் சில வாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் கடிக்கும் நோய்க்கும் நடுவே பொதுவாக இரண்டு மூன்று மாதம் இருப்பதற்குக் காரணம், நரம்பைப் பிடிக்கும் முன் தசையிலேயே அது தாமதிப்பதுதான். அந்தத் தாமதத்தில்தான் நாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் தவணை. திரும்பி வருகிற வழியில் டீக்கடைக்காரர் சொன்னார்: அதே நாய் அதே நாளில் ஆடு மேய்க்கிற அக்காவையும் கடித்திருக்கிறது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

வலது முன்கையில் பல் பட்ட தடம். மேலே சுண்ணாம்பு. மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. "லேசாத்தான் ரத்தம் வந்துது டீச்சரம்மா. மூணு நாளாச்சி, ஒண்ணும் செய்யலியே" என்றார்.

இந்த நோயில் என்னைப் பதறவைப்பது இந்தச் சொல்தான். நரம்புக்குள் ஏறிய வைரசைக் காவல் செல்கள் எளிதில் கண்டுகொள்வதில்லை. அது நரம்புச் செல்லை உடனே கொல்வதும் இல்லை. கொன்றால் மேலே போகும் பாதை அறுந்துவிடும். அதனால் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, புண்கூட ஆறிவிடும். கடித்தது கையில். காலைவிடக் கை மூளைக்குக் கிட்டே, நரம்பு முனைகளும் அங்கே நெருக்கம். சுண்ணாம்பு சதையைப் புண்ணாக்கியதோடு, கழுவவும் விடாமல் செய்துவிட்டது.

அவர் பயம் வேறு. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே? எங்க அய்யாவுக்குப் போட்டாவ. ஒரு மாசம் எந்திரிக்கல." அவர் சொல்வது நிஜம். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் கொண்டுவந்த தடுப்பூசி, ஆட்டு மூளையில் வைரசை வளர்த்துச் செயலிழக்கச் செய்தது. வயிற்றில் நாள் தவறாமல் போட வேண்டும். அதிலிருந்த நரம்புத் திசுவே சிலருக்குப் பக்கவாதம்வரை கொண்டுபோனதுண்டு. இந்தியா அதை 2005 வாக்கில்தான் முற்றாகக் கைவிட்டது. இப்போதுள்ளது செல் வளர்ப்பில் செய்த ஊசி, போடுவது மேல்கையில் என்று பேரனின் கையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ஆட்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

அக்கா வந்தார். சுண்ணாம்பைக் கழுவி, சோப்புப் போட்டு, இம்யூனோகுளோபுலினும் ஊசியும் போட்டார்கள். நாலு நாள் தாமதம். தாமதமானாலும் போட வேண்டும், இனிப் போட்டு என்ன என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று டாக்டர் எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

பேரனுக்கு மூன்றாவது, அக்காவுக்கு இரண்டாவது. ஒரே ஆட்டோவில் போய்வந்தோம்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் இந்த நோயில் போனார். அவர் தண்ணீர் கேட்டதையும், செம்பை நீட்டியதும் தொண்டை இழுத்துக்கொண்டு துடித்ததையும் திண்ணையிலிருந்து பார்த்தேன். விசிறிக் காற்றுப் பட்டாலும் அதே துடிப்பு. நடுவே நிதானமாகப் பேசினார், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தெளிவைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதன் காரணம் பின்னால் படித்துத் தெரிந்தது. மூளையை அடைந்த வைரஸ் நரம்புச் செல்லிலிருந்து நரம்புச் செல்லுக்குத் தாவுகிறது. மூளைத்தண்டில் விழுங்குவதையும் மூச்சையும் நடத்தும் இடங்கள் தடுமாறுகின்றன. வாயில் தண்ணீர் பட்டால், ஏன், தண்ணீரைப் பார்த்தாலே, தொண்டைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் ஒருசேர இறுகுகின்றன. இவ்வளவு நடந்த பிறகும், இறந்தவரின் மூளையை ஆய்ந்தால் செல்கள் பெரும்பாலும் சிதையாமல் இருக்கும். செல் இருக்கிறது, அதன் வேலைதான் கெட்டுப்போகிறது.

அதே சமயம் வைரஸ் மூளையிலிருந்து நரம்புகள் வழியே திரும்ப வெளியே இறங்குகிறது: கண்ணுக்கு, பிடரித் தோலின் மயிர்க்கால்களுக்கு, எல்லாவற்றையும்விட உமிழ்நீர்ச் சுரப்பிக்கு. விழுங்க முடியாத வாயில் வைரஸ் நிறைந்த எச்சில் தேங்குகிறது. நாயிடம் இதோடு வெறியும் சேர்ந்தால் கண்டதைக் கடிக்கிறது. நோயாளிக்கு எது துன்பமோ அதுவே வைரசுக்கு அடுத்த உடலுக்கான வழி.

மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. தெருநாய்களிடம் திரியும் வைரஸ் அந்தத் தடுப்பை உடைக்காமல் அப்படியே விட்டுவைப்பதால், எதிர்ப்புப் புரதமும் காவல் செல்களும் போதுமான அளவில் உள்ளே வர முடிவதில்லை. அறிகுறி தொடங்கியபின் ஊசி பயன்படாததற்கு இது பெரிய காரணம். 2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், வௌவால் கடித்த 15 வயதுப் பெண்ணை, ஊசி எதுவும் போடாத நிலையிலும், செயற்கையாக ஆழ்மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த முறையைப் பிறகு பலருக்குச் செய்துபார்த்தார்கள். அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

கடித்துப் பத்து நாள். அந்த நாய் இன்னும் அகப்படவில்லை. செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும் என்கிறார்கள். அகப்பட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். நாயின் எச்சிலில் வைரஸ் வருவது, நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்புதான். கடித்த நாள் எச்சிலில் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் நோயில் விழுந்திருக்கும். நல்லபடியாக உலாவினால் கடித்த அன்று வைரஸ் இல்லை என்று பொருள். நாயைக் காணாததால் முழுத் தவணையும் போட்டே ஆக வேண்டும்.

டீக்கடையில் பேச்சு எல்லாம் கொல்வதைப் பற்றியே. "அத்தனையையும் பிடிச்சு அடிச்சுப் போட்டாத்தான் சரியாவும் டீச்சர்." பிள்ளை கடிபட்ட வீட்டுக்காரி என்பதால் நானும் தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தட்டம்மை நோயாளி, தடுப்பூசி இல்லாத ஊரில் 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுக்கக் கூடும். ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டு நாய்க்குக்கூடக் கொடுப்பதில்லை. பரவுவதில் இவ்வளவு பலவீனமான வைரஸ் இது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் அதற்குப் போக வழியிருக்காது. கொன்றால், ஊசி போட்ட நாயும் சேர்ந்து சாகும். காலியான தெருவுக்கு ஊசி போடாத நாய் வந்து சேரும். கோவா மாநிலம் ஆண்டுதோறும் நாய்களுக்குப் பெருமளவில் ஊசி போட்டே, 2021இல் ரேபிஸ் கட்டுப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயிடமிருந்து. நகராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். கையெழுத்து வாங்க நாளை பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

1885இல் இதே தேதி. அல்சாசில் இரண்டு நாள் முன்பு நாய் குதறிய ஒன்பது வயது ஜோசஃப் மைஸ்டரை அவன் தாய் பாரிசுக்கு, லூயி பாஸ்டரிடம் கொண்டுவந்தார். பாஸ்டர் மருத்துவர் இல்லை. ஊசி போட்டவர் டாக்டர் கிரான்ஷே. வெறிநோயில் இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தி வீரியம் குறைத்திருந்தார்கள். மிகப் பழையதில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூட்டி, 13 ஊசி. பையன் பிழைத்தான். பாஸ்டர் இந்த வைரசை ஒருபோதும் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைய நுண்நோக்கிக்கு அது எட்டாது. ஆனால் மூளைக்குப் போக அது நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதும், அதற்குள் உடம்பைத் தயார்செய்துவிட முடியும் என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது.

தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் அன்று அந்தச் சிகிச்சைக்கு, இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் 1900இல் தொடங்கிய நிறுவனம்வரை போக வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகே அந்தப் பயணம் குறைந்தது.

பேரனுக்கு இதைக் கதையாகச் சொன்னேன். "அந்தப் பையனுக்குப் பதிமூணு, எனக்கு நாலு தடவைதானா?" என்று கேட்டு நிம்மதியானான்.

ஜூலை 10, வியாழன்

பேரனுக்கு நான்காவது தவணை முடிந்தது. அட்டையில் கடைசிக் கட்டத்திலும் கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். இனி எப்போதாவது கடிபட்டால், முன்பே முழுத் தவணை போட்டவன் என்பதற்கு அதுதான் சாட்சி. அப்போது இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, குறைந்த ஊசியே போதும்.

நகராட்சியிலிருந்து கால்நடை மருத்துவர் பேசினார். அடுத்த மாதம் எங்கள் வார்டில் நாய்களுக்கு ஊசி முகாம். சோறு போட்டுப் பழகியவர்கள் யார் யார், எந்த நாய் யார் கைக்கு வரும் என்று பட்டியல் கேட்டிருக்கிறார். இதுவரை நாலு தெரு எழுதியாகிவிட்டது.

அக்காவுக்குக் கடைசி ஊசி 14ஆம் தேதி, திங்கட்கிழமை. அன்று ஆட்டுச் சந்தை, கிடா விற்க வேண்டும், மறுநாள் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். சந்தை சூடு பிடிக்கும் முன்பே, ஓ.பி. திறந்ததும் முதல் ஆளாகப் போட்டுவிட்டு அங்கிருந்தே அவரைச் சந்தையில் இறக்கிவிட ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கிடாவை முன்னால் கொண்டுபோய்க் கட்டிவைக்க எதிர்வீட்டுப் பையன் ஒத்துக்கொண்டான்.