தீவுக்குத் தீவு ஒரு முத்திரை

ஆகஸ்ட் 3, ஞாயிறு. அல்சூர், பெங்களூர்.

அடுத்த பிப்ரவரியில் கரீபியன் கடலில் இரண்டு வாரம் பாய்மரப் படகில் போவது என்று முடிவாகிவிட்டது. டொரண்டோவிலிருந்து அண்ணனும் அண்ணியும், இங்கிருந்து நாங்கள் இருவரும். படகை ஓட்டுநரோடு சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறோம். படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டுவதென்றால் தகுதிச் சான்றும் கடலில் ஓட்டிய அனுபவமும் கேட்பார்கள். எங்கள் யாரிடமும் அது கிடையாது. மாதத்தைப் பற்றி மறுபேச்சே இல்லை. அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம்.

இரவு அண்ணன் போனில் பாதையையே சொல்லிவிட்டார். "மார்ட்டினிக்ல லெ மாரின்னு ஒரு இடம். வாடகைப் படகெல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கு. அங்க ஏறி அப்படியே தெற்கே போய் கிரெனடாவுல இறங்கிடலாம். நீங்க நேரா மார்ட்டினிக் வந்துடுங்க." காற்றை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது முழுக்கச் சரி. அந்தக் கடலில் குளிர்காலத்தில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். தெற்கிலிருந்து வடக்கே ஏறினால் பாதி நாள் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆனால் மார்ட்டினிக் என்பது பிரான்ஸ். அண்ணனிடம் இருப்பது கனடா பாஸ்போர்ட், அவருக்கு விசா வேண்டாம். எங்களிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்.

ஆகஸ்ட் 9, சனி.

வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்து, நம் பாஸ்போர்ட்டுக்குக் கதவு திறக்கிற தீவுகளைப் பச்சை பென்சிலால் சுழித்தேன். கிரெனடா, செயிண்ட் வின்சென்ட், டொமினிக்கா மூன்றுக்கும் விசா இல்லாமலே போகலாம். (டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. டிக்கெட் போடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் வேறொரு தீவில் போய் இறங்குவோம்.) செயிண்ட் லூசியாவில் இறங்கியதும் விசா தருகிறார்கள். விமான நிலையத்துக்குச் சொன்ன விதி படகுத்துறைக்கும் அப்படியே பொருந்துமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். எழுத்தில் பதில் வராமல் அந்தத் தீவை நிச்சயம் செய்யக்கூடாது.

பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள் பக்கம் போகலாமா என்று அண்ணி கேட்டார். வாடகைப் படகுகளுக்குப் பேர்போன கடல் அது. ஆனால் டார்ட்டோலாவிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் செயிண்ட் ஜான் தீவு அமெரிக்காவைச் சேர்ந்தது. விமானத்தில் விசா இல்லாமல் அமெரிக்கா போகும் உரிமையுள்ள பிரிட்டிஷ்காரர்கள்கூட இப்படித் தனியார் படகில் வந்தால் விசா எடுத்திருக்க வேண்டும். நமக்கோ எப்படிப் போனாலும் விசாதான். பெங்களூரில் அமெரிக்கத் தூதரகக் கிளை 2025 ஜனவரியில் திறந்தது. திறந்தபோது அதில் விசா சேவை இல்லை. அந்தப் பக்கமே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பச்சைச் சுழிகளைப் பார்த்தால் பாதை கிரெனடாவில் தொடங்கி செயிண்ட் வின்சென்டில் முடிகிறது. நல்ல பாதைதான். டொமினிக்கா மட்டும் வடக்கே தனியாக நிற்கிறது. அதன் இருபுறமும் பிரான்ஸ். வடக்கே குவாதலூப், தெற்கே மார்ட்டினிக்.

ஆகஸ்ட் 15, வெள்ளி.

விடுமுறை. படகில் எல்லை கடப்பது எப்படி என்று உட்கார்ந்து படித்தேன். கிளம்பும் நாட்டில் சுங்கமும் குடியேற்றமும் முடித்து வெளியேறும் சீட்டு வாங்க வேண்டும். அடுத்த நாட்டின் கடலுக்குள் நுழைந்ததும் பாய்மரத்தின் வலப்பக்கக் கயிற்றில் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். இன்னும் அனுமதி பெறவில்லை என்பதற்கு அது அடையாளம். அதிகாரபூர்வ நுழைவுத்துறையில்தான் நங்கூரம் போடலாம். படகின் தலைவர் மட்டும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும், ஆள் பட்டியலையும், முந்தைய நாட்டின் சீட்டையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். முத்திரை விழும்வரை மற்றவர்கள் படகை விட்டு இறங்கக்கூடாது. எல்லாம் முடிந்தபின் மஞ்சள் கொடியை இறக்கிவிட்டு அந்த நாட்டின் கொடியை ஏற்றுவார்கள்.

கிரெனடாவுக்குச் சொந்தமான கரியாகூ தீவில் நின்றால் எதிரே யூனியன் தீவின் மலைமுகடு தெரியும். அது செயிண்ட் வின்சென்ட், வேறு நாடு. டிரெல் விரிகுடாவில் வெளியேறி, கிளிப்டனில் நுழைய வேண்டும். பாயில் போனால் ஒரு முற்பகல் வேலை. அலுவலகம் மூடியபின் போனால் கூடுதல் கட்டணம். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரவில் படகு ஓட்ட அனுமதிப்பதில்லை. ஆகவே காலையில் ஒரு நாட்டின் அலுவலக நேரம், மாலைக்குள் மறுநாட்டின் அலுவலக நேரம் என்று இரண்டுக்கும் நடுவில்தான் கடல் கிடைக்கிறது.

2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கரியாகூவில்தான் கரையேறியது. யூனியன் தீவிலும் பெரும்பாலான வீடுகள் சேதமடைந்தன. இந்த இரண்டு தீவுகளிலும் கட்டாயம் தங்கி, சாமான் அங்கேயே வாங்கி, அங்கேயே சாப்பிட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். சரி என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

தூக்கம் வரவில்லை. குவாதலூப்பை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை 1848-ல் ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்ட்டினிக்குக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. 1861-ல் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட்டபின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 1880-களின் கடைசிவரை ஏறத்தாழ 42,000 பேர் குவாதலூப்புக்கும் 25,000 பேர் மார்ட்டினிக்குக்கும் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் என்று வாக்கு. வழியிலும் தோட்டத்திலும் செத்தவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை. பிறந்தது குவாதலூப்பில், உழைத்தது குவாதலூப்பில், ஆனால் வாக்குரிமை கிடையாது. காபெஸ்டெர் ஊரில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் இதை எதிர்த்து 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல்தான் அவர்களைப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மனிதர் தன் வாழ்நாளில் பத்தொன்பது வருஷத்தை ஒரு பட்டியலில் பெயர் சேர்ப்பதற்காகக் கொடுத்திருக்கிறார். விசா படிவத்தில் நான்கு பக்கம் நிரப்ப நான் சலித்துக்கொள்ள நியாயமே இல்லை.

காபெஸ்டெரில் இன்றும் கோயில் இருக்கிறது. மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், மதுரைவீரனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது நின்றுபோய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன; வழிபாட்டில் மட்டும் தமிழ்ப் பாட்டு நின்றிருக்கிறது. கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், கூடவே வறுத்த அரிசியும் சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டுக்கறி சமைக்கிறார்கள். இன்று அது அந்தத் தீவு முழுவதற்குமான சாப்பாடு.

கரீபியன் வரை போய்விட்டு இவர்களைப் பார்க்காமல் திரும்பினால் அது வெறும் உல்லாசப் பயணம். காலையில் அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணா, குவாதலூப்ல ஏறுவோம். விசா என் பொறுப்பு" என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி.

பாதை இப்போது காற்றுக்கும் ஒத்துவருகிறது. குவாதலூப், டொமினிக்கா, மார்ட்டினிக், செயிண்ட் லூசியா, செயிண்ட் வின்சென்ட், கிரெனடா. ஆறு நிறுத்தம், ஐந்து நாடு. ஏறும் இடத்தில் படகை விடாததால் ஒருவழிக் கட்டணம் தனி. வழியில் இருக்கும் சுதந்திர நாடுகள் நான்கிலும் ஒரே கிழக்குக் கரீபியன் டாலர்தான் செல்லும், பிரெஞ்சுத் தீவுகளில் யூரோ.

சிக்கல் விசாவில். பாரிஸ் போக எடுக்கும் ஷெங்கன் விசா இந்தத் தீவுகளுக்குச் செல்லாது. குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. தீவுக்கென்று தனியாக எழுதிய பிரெஞ்சு விசா வேண்டும். அதோடு ஷெங்கன் விசாவும் வேண்டும். பெங்களூர் விமானம் பாரிஸில் சார்ல் த கோல் நிலையத்தில் இறங்கும், குவாதலூப் விமானங்கள் பெரும்பாலும் ஓர்லியிலிருந்து கிளம்பும். ஊருக்குள் நுழைந்துதான் மாற முடியும். திரும்பும் வழியில் கிரெனடாவிலிருந்து லண்டன் காட்விக், அங்கிருந்து ஹீத்ரோ. அதற்குப் பிரிட்டனின் டிரான்சிட் விசா.

டிரினிடாட் வழியாகத் திரும்பினால் மலிவு என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன். டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள்.

செப்டம்பர் 6, சனி.

கோப்பு தயார். படகு ஒப்பந்தத்தில் எங்கள் நால்வர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படியே இருக்கின்றன. விமானத்தில் வந்து படகில் வெளியேறுகிறவர்களிடம் திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். அதனால் எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று படகு நிறுவனத்திடம் கடிதம் வாங்கி, கிரெனடாவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

பிரெஞ்சுத் தீவுகளில் படகுக்கான சுங்கப் படிவத்தைத் துறைமுக அலுவலகத்திலோ கடையிலோ வைத்திருக்கும் கணினியில் படகுத் தலைவரே நிரப்பிவிடலாம். பல இடங்களில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்க எதிரே அதிகாரி இருக்கமாட்டார். அதை நம்பி விசா இல்லாமல் இறங்குவது தவறு. மாட்டினால் படகு ஓட்டுகிறவரும் பதில் சொல்ல வேண்டும்.

இதே பாதையில் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குவாதலூப்பிலிருந்து டொமினிக்கா போய் மார்ட்டினிக்கில் இறங்கினால் நீங்கள் பிரான்ஸுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா டொமினிக்காவிலேயே தீர்ந்துவிடும். விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு என்று கேளுங்கள், தீவுகளின் பெயரை வரிசையாக எழுதுங்கள், படகின் பாதை வரைபடத்தையும் சேர்த்து இணையுங்கள்.