முடிச்சுக்குப் பிறகே தவக்குல்



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் திருப்புட்குழிப் பகுதியில் ஏரியைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்தபோது மீனவர்கள் படகுகளுடன் வந்து மக்களை மீட்டனர். பள்ளிவாசல்கள் அனைவருக்கும் கதவு திறந்தன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. இவற்றை மனத்திற்கொண்டு எங்கள் மஹல்லா இளைஞர்கள் காலிப் பீப்பாய்களைப் பிணைத்துச் சிறு படகு ஒன்றைச் செய்துள்ளனர். தேங்கிய நீரில் சிக்கியோரை அதில் அமர்த்திக் கரைக்கு இழுப்பது நோக்கம்.

இழுப்பதற்குத் துணி உலர்த்தும் கொடிக்கயிறு போதும் என்றார் ஒருவர். "நடப்பது அல்லாஹ்வின் நாட்டம்தானே, ஹஜ்ரத்!" என்றும் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என வினவியவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வைச் சார்ந்திருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதியில் உள்ளது. கட்டுவது கடமையென்றால், தாங்கும் கயிற்றால் கட்டுவதும் அக்கடமையில் அடங்கும் என்றே நாம் விளங்குகிறோம்.

கடையில் சொல்லப்படும் தாங்குதிறன் முடிச்சில்லாத புதுக் கயிற்றுக்குரியது. ஒரு முடிச்சே அதில் ஏறத்தாழப் பாதியைக் குறைத்துவிடலாம். தொய்ந்த கயிறு திடீரென விறைக்கும்போது சுமை பன்மடங்காகும். ஆகவே எதிர்பார்க்கும் சுமையைப் போல் ஐந்து மடங்கேனும் தாங்கும் கயிறு தேவை. நைலான் வலிமையானது; நீண்டு கொடுத்து அதிர்வைத் தாங்கும். ஆயினும் நீரில் மூழ்கும். அறுந்தால் சாட்டைபோல் திருப்பி அடிக்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதப்பதால் முட்களிலும் வேலிகளிலும் சிக்குவது குறைவு. வெயிலில் மட்டும் நைந்துபோகும். கைக்கு நன்கு பிடிபடும் 12 மில்லிமீட்டர் தடிமனில் அதையே வாங்கிச் சாக்கிலிட்டு நிழலில் வைத்துள்ளோம். இழுப்பவர் கயிற்றை இடுப்பில் கட்டலாகாது. படகில் அதை ஒரே இழுப்பில் அவிழும்படி கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம். ஓடும் வெள்ளத்தில் இப்படகை இறக்கவே கூடாது; அங்கே 112-ஐ அழைப்பதே வழி.

நாளை அப்படகில் அமர்வது நம் பிள்ளையாகவும் இருக்கலாம், பெருமாள் கோயில் தெருவின் மூதாட்டியாகவும் இருக்கலாம். யாராயினும் அவ்வுயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கயிற்றில் மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய்க்காக அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

வல்ல அல்லாஹ் நம் முயற்சியை ஏற்று, அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.