சித்தன்னவாசல் குளமும் கல்யாண மேடையும்

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய சமண ஓவியம். மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதற்குள் உண்டு. நிறம் நிறையப் போய்விட்டது. ஆனாலும் கருமத்தம்பட்டியில் பூ அலங்காரம் செய்து பிழைக்கிற எனக்கு அதைவிடப் பெரிய வாத்தியார் இல்லை.

அந்தக் குளத்தில் நான் முதலில் பார்ப்பது இலையைத்தான். அகலமான பச்சை இலை பின்னால் விரிந்து நிற்பதால்தான் தாமரை முன்னுக்கு வருகிறது. பூக்களும் ஒரே பருவத்தில் இல்லை. மொட்டு, பாதி விரிந்தது, இதழ் முழுக்க மலர்ந்தது என்று கலந்து கிடக்கின்றன.

எங்கள் பக்கத்துக் கல்யாண மேடைகளில் இலைக்கு இடமே இல்லை. செண்டுமல்லியும் சம்பங்கியும் ரோஜாவும் இண்டு இடுக்கில்லாமல் அடைத்தால்தான் செலவழித்த மாதிரி தெரியும் என்கிறார்கள். நான் பின்னால் இலையை விரித்தால், “ஏனுங்க, இவ்வளவு காசு குடுத்தும் பச்சையாத்தானுங்களே தெரியுது?” என்று பெண் வீட்டு அம்மா கேட்பார். “முழுசா வெச்சு முடிக்கட்டுங்கம்மா, பொண்ணு உட்கார்ந்ததும் பாருங்க” என்பேன். பட்டுப்புடவையின் அரக்கும் மஞ்சளும் அந்தப் பச்சைக்கு முன்னால் எடுப்பாகத் தெரியும். பூச்சுவருக்கு முன்னால் புடவை காணாமல் போகும்.

வேலையில் கஷ்டம் தாமரைதான். பறித்த மொட்டு தானாக மலராது. இதழை ஒவ்வொன்றாகக் கையால் மடிக்க வேண்டும். வெளி அடுக்கை மட்டும் மடித்தால் பாதி மலர்ச்சி, உள்ளே பொகுட்டு தெரியும்வரை மடித்தால் முழு மலர்ச்சி. ஓவியத்திலுள்ள மூன்று பருவமும் ஒரே கட்டு மொட்டிலிருந்தே வந்துவிடும். அழுத்திப் பிடித்தால் இதழ் கறுத்துப்போகும், ஈரக்கையால் தொட வேண்டும். தண்டு உள்ளே துளையாக இருப்பதால் வளையும். ஈர்க்குச்சியைச் செருகினால் நிமிர்ந்து நிற்கும். இலை இன்னும் மோசம், வெட்டியதும் ஓரம் சுருள ஆரம்பிக்கும். தொட்டித் தண்ணீரில் மூழ்க வைத்திருந்து கடைசியாகத்தான் மேடைக்கு ஏற்றுவேன். விடிகாலை முகூர்த்தம் என்றால் நிம்மதி.

அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1976 முதல் ‘ஆர்ட் இன் ப்ளூம்’ நடக்கிறது. ஒவ்வொரு கலைப்படைப்புக்கும் பக்கத்திலேயே அதை வைத்துச் செய்த பூ அலங்காரம் நிற்கும். பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். மண்டபத்தில் எனக்கு அந்த வசதி கிடையாது. சித்தன்னவாசலைப் பார்த்திராதவருக்கும் மேடை நிறைவாக இருக்க வேண்டும். அதனால் நான் நிறத்தை நகலெடுப்பதில்லை. இலைக்கும் பூவுக்கும் அங்கே இருக்கிற உறவைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. எங்கள் ஊர் ஜெபமாலை அன்னை கோயிலின் அக்டோபர் தேருக்குப் பூ நெருக்கமாகத்தான் இருக்க வேண்டும். கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டுமே.

சித்தன்னவாசல் படத்தைக் காட்டினால் சிலர் யானையையும் மீனையும் பூவில் கேட்கிறார்கள். தெர்மாகோலை வெட்டி இதழ் ஒட்டுவதில் எனக்கு மனமில்லை. அதற்குப் பதில் ஓவியத்தில் தோளில் தாமரையைச் சாய்த்து ஒருவன் நிற்கிறானே, அவனை நினைத்து நுழைவாயிலில் நீளத்தண்டுத் தாமரைகளை ஒரு கட்டாகச் சாய்த்து வைக்கிறேன். பூ செருகும் ஓயாசிஸ் நுரை வேண்டாம், வாழைநார்க் கட்டே போதும்.