ஹாட்ஸ்பாட் ஆப்புக்குக் காசு கட்டலாமா?

1/ வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதற ஆள், இன்னிக்கு மொபைல் ஆப் பத்தி எழுதப் போறேன். எனக்கும் சாஃப்ட்வேருக்கும் சம்பந்தம் இல்லை. எம்பிபிஎஸ் படிச்ச அரசு மருத்துவர், அவ்வளவுதான். ஆனா இந்த விஷயத்துல ஒருத்தருக்குத் தப்பான மருந்தை எழுதிக் கொடுத்தது நான். அதனால நானே சொல்றதுதான் நியாயம்.

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/ நம்ம போன்ல இருக்கிற நெட்டை கம்ப்யூட்டருக்கோ இன்னொரு போனுக்கோ கொடுக்கிறதுக்குப் பேர் டெதரிங். வைஃபை வழியா கொடுத்தா ஹாட்ஸ்பாட். இதுக்குன்னே ப்ளே ஸ்டோர்ல ஏகப்பட்ட ஆப் இருக்கு. இறக்கும்போது இலவசம். நாலு நாள் கழிச்சு "ப்ரோ வாங்குங்க, ப்ரீமியம் வாங்குங்க"ன்னு கேட்கும். அந்த விலை நியாயமா? இதுதான் கேள்வி.

3/ நான் வேலை பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையம் மலையடிவாரத்துல இருக்கு. மழை பெஞ்சா முதல்ல போறது கரண்ட், அடுத்தது பிராட்பேண்ட். கரண்டாவது சாயங்காலம் வந்துடும்.

அப்படி ஒரு மழைக்காலம், மாசக் கடைசி. கர்ப்பிணித் தாய்மார்கள் பதிவு, தடுப்பூசிக் கணக்கு, சுகர் பிரஷர் நோயாளிகள் விவரம் எல்லாம் ஆன்லைன்ல ஏத்தணும். இருக்கிறது ஒரு பழைய டெஸ்க்டாப். அதுல வைஃபையே கிடையாது. பக்கத்துலயே ஹாட்ஸ்பாட் போட்டு வெச்சாலும் அதுக்குத் தெரியாது.

4/ ராத்திரி ட்யூட்டியில தேடித் தேடி ஒரு டெதரிங் ஆப் கண்டுபிடிச்சேன். போன்ல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் போட்டு, கேபிள் மாட்டினா நெட் வந்துடும். ஒரே தடவை கட்டற மாதிரி 600 ரூபாய். கட்டினேன். வேலை முடிஞ்சது.

மறுநாள் பெருமை தாங்கலை. "இப்படி ஒரு ஆப் இருக்கு, எல்லாரும் போட்டுக்கோங்க"ன்னு மொத்த ஸ்டாஃப்கிட்டயும் சொன்னேன்.

5/ ரெண்டு வாரம் கழிச்சு எங்க பார்மசிஸ்ட் பார்த்துட்டு சிரிச்சார்.

"சார், இதுக்கு எதுக்கு ஆப்பு? செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்னு ஒண்ணு இருக்கே."

சார்ஜர் கேபிளை மாட்டி, அந்தப் பொத்தானைத் தட்டினார். அதே டெஸ்க்டாப், அதே நெட். பைசா செலவில்லை. 600 ரூபாய் கொடுத்து நான் வாங்கினது, நான் போன் வாங்கின நாள்லேர்ந்து என் பாக்கெட்லயே இருந்திருக்கு.

6/ அப்போ இந்த ஆப் செஞ்சவங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்களான்னு கேட்டா, இல்லை. இந்த ஆப்கள் பொறந்த கதை வேற. அது அமெரிக்காவுல நடந்தது.

7/ 2008-ல் ஐபோன்ல நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கிற வசதி கிடையாது. நெட்ஷேர்னு ஒரு ஆப் 9.99 டாலருக்கு வந்துச்சு. கொஞ்ச நாள்லயே ஆப்பிள் அதை ஸ்டோர்லேர்ந்து தூக்கிடுச்சு.

2010 மே மாசம் கூகுள், ஆண்ட்ராய்டு 2.2-ல் ஹாட்ஸ்பாட்டையும் யூஎஸ்பி டெதரிங்கையும் உள்ளேயே வெச்சு அறிவிச்சது. அதோட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா அங்கே பூட்டு போட்டது சிம் கம்பெனிகள்.

8/ 2010 ஜூன்ல ஏடி அண்ட் டி கம்பெனியோட திட்டத்தைப் பாருங்க. மாசம் 2 ஜிபி டேட்டாவுக்கு 25 டாலர். அதே 2 ஜிபியை லேப்டாப்புக்கும் கொடுக்கணும்னா இன்னும் 20 டாலர். அந்த 20 டாலருக்குக் கூடுதல் டேட்டா ஒரு எம்பிகூடக் கிடையாது.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, ஒரு குடம் தண்ணிக்குக் காசு வாங்கிட்டு, அதைச் சொம்புல ஊத்திக் குடிச்சா தனிக் காசுன்னு சொல்ற மாதிரி.

9/ இந்தப் பூட்டைத் திறக்கத்தான் டெதரிங் ஆப்கள் வந்தன. அது எப்படி வேலை செய்யுதுன்னு எளிமையா சொல்றேன்.

நெட்ல போற ஒவ்வொரு டேட்டா பொட்டலத்துலயும் டிடிஎல்னு ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு கை மாறும்போதும் அதுல ஒண்ணு குறையும். ஆண்ட்ராய்டு போன் தானே அனுப்பினா அந்த எண் பொதுவா 64-ல் ஆரம்பிக்கும். லேப்டாப் அனுப்பி, போன் வழியா போனா எண் மாறிடும். "ஓஹோ, பின்னாடி வேற ஒரு மெஷின் இருக்கு"ன்னு கம்பெனி கண்டுபிடிக்க இது ஒரு வழி.

10/ ஆப் என்ன செய்யும்? லேப்டாப் கேட்டதைப் போனே தன் பேர்ல போய் வாங்கிட்டு வர வைக்கும். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நம்ம வீட்டுப் பையனே கடைக்குப் போய் வர்ற மாதிரி. கடைக்காரருக்குத் தெரியறது நம்ம பையன் மட்டும்தான்.

இதுக்கு விண்டோஸ், மேக் ரெண்டுக்கும் தனித்தனியா சாஃப்ட்வேர் எழுதணும். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் ஏதாவது உடையும், மறுபடி ஒட்டணும். சும்மா வர்ற வேலை இல்லை.

11/ 2012-ல் இதுல ஒரு முக்கியமான திருப்பம். வெரைசான் கம்பெனி, 11 டெதரிங் ஆப்களை தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காம செய்யும்படி கூகுளைக் கேட்டதா அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரிச்சது. அந்த அலைக்கற்றையை ஏலத்துல எடுக்கும்போதே "வாடிக்கையாளர் விரும்பற ஆப்பைத் தடுக்கக் கூடாது"ன்னு நிபந்தனை இருந்தது. வெரைசான் 12.5 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடிச்சுக்கிச்சு.

12/ இப்போ விலைக்கு வருவோம். மாசம் 20 டாலர் பூட்டு. அதைத் திறக்கிற சாவி ஒரே தடவை 10 டாலர் சுத்தி. பதினஞ்சு நாள்ல போட்ட காசு வந்துடும். வாங்கினவனுக்கு லாபம், எழுதினவனுக்குக் கூலி. கம்பெனியோட ஒப்பந்தத்தை மீறறோமாங்கிறது தனிக் கேள்வி. ஆனா விலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

13/ இதுலயும் ஒரு சின்னத் தந்திரம் இருந்துச்சு. அந்தக் காலத்து இலவசப் பதிப்புகள் சிலதுல சாதாரணத் தளம் திறக்கும். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான தளம், அதாவது பேங்க், மெயில் மாதிரி, திறக்காது. அதுக்குக் காசு கட்டணும்.

அன்னிக்கு அது பாதி இலவசம். இன்னிக்குக் கிட்டத்தட்ட எல்லாத் தளமும் பாதுகாப்பான தளம்தான். அதே விதி இப்போ இருந்தா அந்த இலவசம் வெறும் பேருக்குத்தான்.

14/ நான் கட்டின 600 ரூபாயும் எழுதினவர் கைக்கு முழுசா போறதில்லை. 18% ஜிஎஸ்டி கழிச்சா சுமார் 508. ப்ளே ஸ்டோர்ல சின்ன டெவலப்பர்கள்கிட்ட, வருஷத்தோட முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும், கூகுள் 15% எடுத்துக்கற மாதிரி 2021-ல் விதி வந்தது. அந்தக் கணக்குல சுமார் 432 மிஞ்சும். அந்த 432-க்கு அவர் வருஷக் கணக்கா புதுப்பிச்சுக் கொடுக்கணும்.

அதனால அந்த 600 ரூபாய் ஏமாத்து இல்லை. எனக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். நல்ல மருந்துதான், நோய் வேற.

15/ நம்ம ஊர்ல சாதாரண ப்ரீபெய்டு ரீசார்ஜ்ல ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் காசு கேட்கிறதில்லை. தினம் 1.5 ஜிபியோ 2 ஜிபியோ, அதுலேர்ந்தே கழியும். அமெரிக்காவுல இருந்த பூட்டு இங்கே இல்லை. பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி வாங்கினவன் நான்.

16/ இனிமேதான் நான் தலை குனியற பகுதி.

பார்மசிஸ்ட் சொன்ன அன்னிக்கே என் போன்லேர்ந்து அந்த ஆப்பை எடுத்துட்டேன். ஆனா "எல்லாரும் போட்டுக்கோங்க"ன்னு நான் சொன்னேனே, அவங்ககிட்டப் போய் "வேண்டாம், விட்டுடுங்க"ன்னு சொல்லலை. மறந்துட்டேன். கொஞ்சம் வெட்கமும்தான்.

ஒரு மருந்து தேவையில்லைன்னு தெரிஞ்சதும் டாக்டர் தான் மட்டும் நிறுத்திட்டு, பேஷண்ட்டுக்குச் சொல்லாம விட்ட கதை.

17/ நாலு மாசம் கழிச்சு எங்க ஒப்பந்த செவிலியர் ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்தாங்க.

"சார், நீங்க சொன்ன ஆப்பு வாராவாரம் காசு எடுக்குது சார். பொண்ணுக்கு ஸ்கூல் வேன் ஃபீஸ் கட்டப் போனேன், அக்கவுண்ட்ல பணம் இல்லை."

"வாராவாரமா? நான் ஒரே தடவைதானே கட்டினேன் சிஸ்டர்?"

போனை வாங்கிப் பார்த்தேன். அது நான் சொன்ன ஆப்பே இல்லை. தேடினப்போ மேல வந்த விளம்பரத்தை இறக்கியிருக்காங்க. மூணு நாள் இலவசம், அப்புறம் வாரம் 199.

18/ 16 வாரம். 3,184 ரூபாய். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல ஆஸ்பத்திரி வேலை செய்ய, தன் போன், தன் டேட்டா, அதுக்கு மேல இது.

"ஏன் சிஸ்டர் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க சொன்ன ஆப்பாச்சே சார், ஆஸ்பத்திரி வேலைக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

இதுக்கு எனக்குப் பதில் வரலை.

19/ அந்த ஆப் என்னதான் செஞ்சதுன்னு பார்த்தேன். பெரிய பச்சைப் பொத்தான். தட்டினா போனோட செட்டிங்ஸ் பக்கம் திறக்குது. அங்கே யூஎஸ்பி டெதரிங்கை அவங்களே ஆன் பண்றாங்க. நெட் வருது. ஆப்போட வேலை அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டறதோட முடிஞ்சது.

சாதாரண வைரல் காய்ச்சல் நாலஞ்சு நாள்ல தானா இறங்கும். மூணாவது நாள் போய் ஊசி போட்டுக்கிட்டவர் "அந்த ஊசியிலதான் சரியாச்சு"ம்பார். உடம்பு செஞ்ச வேலைக்கு ஊசிக்குப் பேர். இங்கே போன் செஞ்ச வேலைக்கு ஆப்புக்குப் பேர். வாரம் ஒரு ஊசி வேற.

20/ இது எப்படி சத்தமில்லாம நடக்குது? ஆட்டோபே. முதல் தடவை பின் போட்டு நாம அனுமதிக்கிறோம். அதுக்கப்புறம் இந்த மாதிரி சந்தாவுக்கு 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின்னோ ஓடிபியோ கேட்காமலே எடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி. எடுக்கறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும். அவங்களுக்கும் வந்திருக்கு. இங்கிலீஷ்ல, ரீசார்ஜ் ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவுல.

199-ன்னா கண்ணுக்குச் சின்னதாத்தான் தெரியும். வருஷத்துக்கு 52 வாரம். 10,348 ரூபாய். இந்த எண்ணை முதல் பக்கத்துல போட்டிருந்தா யாராவது தட்டியிருப்பாங்களா?

21/ அதனால என் பதில்: போனால முடியாத ஒண்ணைச் செய்யற ஆப்புக்கு ஒரே தடவைக் காசு நியாயம். போன்லயே இருக்கிற பொத்தானுக்கு வாரச் சந்தா, 10 ரூபாயா இருந்தாலும் அநியாயம்.

நியாயமான தேவைகளும் இருக்கு. போன்ல விபிஎன் போட்டிருந்தா, சாதாரண ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் அதை லேப்டாப்புக்குக் கொடுக்காது. சில பழைய போன்கள் தனக்கு வர்ற வைஃபையை அப்படியே வைஃபையா திருப்பிப் பகிராது. வெளிநாட்டுல இருக்கிற சொந்தங்களுக்கு அவங்க திட்டத்துலயே கட்டுப்பாடு இருக்கலாம். முதல்ல ஒப்பந்தத்தைப் படிங்க.

22/ காசு கட்டறதுக்கு முன்னாடி:

ஒண்ணு: செட்டிங்ஸ் போய் "ஹாட்ஸ்பாட், டெதரிங்" பக்கத்தைப் பாருங்க. வைஃபை, ப்ளூடூத், யூஎஸ்பி மூணும் அங்கேயே இருக்கும்.

ரெண்டு: யூஎஸ்பி பொத்தான் மங்கலா இருந்தா கேபிளை மாத்திப் பாருங்க. சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது.

மூணு: விலைக்குப் பக்கத்துல வாரமா, மாசமா, ஒரே தடவையான்னு படிங்க. வாரம்னா 52-ஆல பெருக்குங்க.

23/ ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்களா? ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. சிஸ்டரும் ரெண்டாவது மாசமே அழிச்சிருக்காங்க, காசு போய்க்கிட்டேதான் இருந்தது. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தட்டி, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய், சந்தாவை ரத்து செய்யணும். பணம் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ள கேட்டா கூகுள்கிட்டேயே திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

முன்பின் தெரியாத டெதரிங் ஆப் வழியா நோயாளிகள் விவரம் ஏத்தற சக ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம நெட் மொத்தமும் அது வழியா போனா, எந்தத் தளத்துக்குப் போறோம்னு அதுக்குத் தெரியும். காசைவிட அது பெரிய விஷயம்.

24/ சிஸ்டருக்குக் கடைசி வாரக் காசு 199 திரும்பி வந்தது. மீதி 2,985-ஐ நான் கொடுக்கப் போனேன். 1,500 மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை மேஜையில வெச்சுட்டாங்க.

"பாதி நீங்க சார், பாதி நான். மெசேஜ் வந்துச்சுல்ல, நான்தானே படிக்கலை."

அன்னிக்கு மத்தியானமே எல்லா ஸ்டாஃபையும் கூப்பிட்டு, ஒவ்வொருத்தர் போனையும் திறந்து பார்த்தோம். இன்னும் ரெண்டு பேர் போன்ல வேற வேற சந்தா ஓடிக்கிட்டிருந்தது. ஒண்ணு டார்ச் லைட் ஆப்பு.

25/ இப்போ டெஸ்க்டாப் பக்கத்துல ஒரு யூஎஸ்பி கேபிளைக் கட்டி வெச்சிருக்கோம். மானிட்டர் ஓரத்துல சிஸ்டர் கையெழுத்துல ஒரு சீட்டு: "நெட் இல்லைன்னா கேபிள். ஆப் வேண்டாம்."

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல அம்மா, அப்பா போனை ஒரு நிமிஷம் வாங்கி, சந்தா பக்கத்தைத் திறந்து பாருங்க. என்ன இருந்ததுன்னு கீழே சொல்லுங்க.