சிவப்பு விளக்கும் ஆறு நெல் மூட்டையும்

குளித்தலைப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன், தம்பி இருவருக்கும் முன்னும் பின்னுமாக வீடு. ரோட்டை ஒட்டி அண்ணனின் மாடி வீடும் ஏழெட்டுத் தென்னையும். அதற்குப் பின்னால் தம்பியின் ஓட்டு வீடு. ஆளுக்கு இரண்டரை ஏக்கரில் வாழையும் நெல்லும். இரண்டு பேர் நிலத்துக்கும் தண்ணீர் பாய்வது ஒரே மடையில்.

ரோட்டுக் கம்பத்திலிருந்து வரும் இணைய ஒயர், அண்ணனின் தென்னைகளுக்கு நடுவே தொங்கி வந்து, தம்பி வீட்டுச் சுவரில் நுழைகிறது. மகளின் படிப்புக்காகப் போட்ட இணைப்பு அது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை, மடையில் முறைத்தண்ணீர் சண்டை. 'உன் முறை முடிஞ்சு போச்சு' என்று இவர் சொல்ல, 'இன்னும் அரை மணி இருக்கு' என்று அவர் சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி வீட்டில் இணையம் நின்றது.

சாதாரண நாளாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க மறுநாள் மாலை வரைதான் நேரம். பாதிப் பட்டியல்தான் முடிந்திருந்தது.

அப்பா ஒயரைப் பார்க்கவில்லை, மோடத்தையும் பார்க்கவில்லை. நேராக வேலியோரம் போய் நின்றார். "மத்தியானம் அரிவாளோட தென்னையில ஏறுனப்பவே நெனச்சேன். எம் மேல கோவம்னா என்கிட்ட காட்டு. புள்ளை படிப்புலயா காட்டுவ?" என்று சத்தம் போட்டார். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மௌனமே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி தம்பிக்குத் தெரிந்தது.

இருவரையும் பெற்ற அப்பாயி கட்டிலில் இருந்தபடியே கேட்டது: "மோட்டார் தண்ணி எடுக்கலேன்னா எடுத்த எடுப்புல கெணத்தையா திட்டுவ? கரண்டு வருதா, ஃபுட் வால்வு புடிக்குதா, பைப்பு எங்கயாச்சும் ஒடஞ்சிருக்கான்னு வரிசையா பாக்க மாட்ட?"

மகளுக்கு அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது. "அப்பாயி சொல்ற மாதிரியே பாக்கலாம்பா" என்று மோடத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் கரண்ட். பவர் விளக்கு பச்சையாக எரிந்தது. அது எரியாவிட்டால் பிளக், சுவிட்ச், அடாப்டர் என்று பார்க்க வேண்டும். கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் அடாப்டர்கள் சீக்கிரம் போய்விடுகின்றன. புதிது வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் அதே வோல்ட்டும், அதே அளவோ கூடுதலாகவோ ஆம்பியரும் இருக்க வேண்டும். முனையும் பொருந்த வேண்டும்.

அடுத்தது தொட்டியும் கிணறும். போனில் வைஃபை குறி முழுதாகத் தெரிந்தது. ஆனால், எதுவும் திறக்கவில்லை. தொட்டியிலிருந்து குழாய் வரை வழி சரியாக இருக்கிறது, தொட்டிக்குத்தான் தண்ணீர் வரவில்லை என்பது இதற்குப் பொருள். போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் கோளாறு இல்லை. மோடத்துக்கும் வெளி ஒயருக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது. இதுவே ஒரு போனில் மட்டும் வராமல் மற்ற போன்களில் வந்தால், அந்தப் போனைத்தான் பார்க்க வேண்டும். மாதப் பணம் கட்டாமல் நின்றிருக்குமோ என்றும் பார்த்தாள். பணம் கட்டியிருந்தது.

மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போட்டாள். விளக்குகள் நிலைக்கு வர ஐந்து நிமிடம் பொறுத்தாள். சின்னச் சின்னக் கோளாறுகள் பல இதிலேயே தீர்ந்துவிடும். இந்த முறை தீரவில்லை. 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

"பின்னாடி ஒரு ஓட்டை இருக்கே, ஊக்கை வெச்சு அமுக்குனா சரியாகும்பாங்களே?" என்றார் அம்மா. மகள் தடுத்துவிட்டாள். அது ரீசெட் பொத்தான். அமுக்கினால் கம்பெனிக்காரர் போட்டு வைத்த விவரமெல்லாம் அழிந்துபோகும். பிறகு ஒயர் சரியானாலும், அவர் வந்து மறுபடி போட்டால்தான் இணைப்பு வரும்.

ஃபைபர் ஒயரில் செம்புக்கம்பி இல்லை. முடி போன்ற கண்ணாடி இழை இருக்கிறது. அதற்குள் ஓடுவது ஒளி. அந்த ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்றால் சிவப்பு விளக்கு மினுக்கும். இழை அறுந்திருக்கலாம், அல்லது எங்காவது கூர்மையாக மடங்கி நசுங்கியிருக்கலாம். டம்ளரைச் சுற்றிய அளவுக்காவது வளைவு அகலமாக இருந்தால் ஒளி தடையில்லாமல் போகும். காகிதம் மடிப்பது போல மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

"அறுத்தாச்சுன்னு சொல்லுது பாரு" என்றார் அப்பா.

"அறுந்திருக்கலாம்னு சொல்லுது. எங்கன்னு சொல்லலப்பா. உள்ளேயிருந்து பாத்துக்கிட்டே போவோம்."

மோடத்தில் இருந்து மஞ்சள் ஒயரைப் பிடித்துக்கொண்டு இருவரும் சுவரோரமாகப் போனார்கள். பீரோவைத் தாண்டி, ஜன்னலுக்குக் கீழே போனதும் ஒயர் காணாமல் போனது. அங்கே ஆறு நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மத்தியானம் தூறல் விழுந்ததும் திண்ணையில் இருந்த மூட்டைகளை அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டவர் அப்பாதான். மூட்டைகளை நகர்த்தினார்கள். அடிமூட்டைக்குக் கீழே, சுவர் மூலையில் ஒயர் மடங்கித் தட்டையாகக் கிடந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. மகள் மெல்ல நீவி விட்டுப் பார்த்தாள். சிவப்பு விளக்கு நிற்கவில்லை. உள்ளே கண்ணாடி உடைந்துவிட்டிருந்தது.

புகார் எண்ணுக்குப் போன் செய்தார்கள். 'எல்.ஓ.எஸ். சிவப்பு, வீட்டுக்குள் ஒயர் நசுங்கியிருக்கிறது' என்று மகள் தெளிவாகச் சொன்னதால் மறுமுனையில் வேறு கேள்வி கேட்கவில்லை. புகாருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் குறித்து வைப்பது முக்கியம். சொன்னபடி சரிசெய்யவில்லை என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். ஆனால், ஆள் வருவது நாளை மறுநாள்தான் என்றார்கள்.

மீதி வழி, போனின் ஹாட்ஸ்பாட். அந்த ஓட்டு வீட்டில் போனுக்கு ஒரு கோடுகூட நிலையாக நிற்பதில்லை. சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. பெரியப்பா வீட்டு மொட்டை மாடி.

இரவு முழுக்க அப்பா தூங்கவில்லை. விடிந்ததும், "குளித்தலைக்குக் கூட்டிட்டுப் போறேன், ஏதாவது கடையில பாத்துக்கலாம்" என்றார். அப்பாயி, "நாலு எட்டு வெக்கிறதுக்கு நாலு மைலா?" என்றது.

மகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெரியம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் மாடிச் சாவியைக் கொடுத்தார். மதியத்துக்குள் பட்டியல் முடிந்தது. நடுவில் பெரியப்பா மோர் கொண்டுபோய் வைத்துவிட்டு, "வேளாண் பொறியியல் போட்டிருக்கியா?" என்று கேட்டாராம். முதல் ஐந்து இடத்திலும் அதைத்தான் போட்டிருந்தாள்.

மறுநாள் லைன்மேன் வந்தார். உள்ளே நசுங்கிய ஒயரை மாற்றினார். சிவப்பு அணைந்தது. 'பி.ஓ.என்.' விளக்கு சற்று மினுக்கிவிட்டுப் பச்சையாக நின்றது. ஒயரின் முனையைப் பார்க்க எட்டிய அப்பாவை அவர் கையமர்த்தினார். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். முனையில் விரல் படவும் கூடாது. இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த மோடத்தையும் நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மாற்றி வைத்தார். இரும்பும் கனமான சுவரும் வைஃபையைத் தடுக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம், ஆனால் சுவர் தாண்டினால் களைத்துவிடும். 2.4 வேகம் குறைவு, கொல்லைப்புறம் வரை போகும்.

கிளம்பும்போது வெளி ஒயரையும் ஒரு பார்வை பார்த்தார். "யாரோ நல்லா மட்டையைக் கழிச்சு விட்டிருக்காங்க. ரெண்டு மட்டை ஒயர் மேலயே உரசிக்கிட்டு இருந்திருக்கு, தடம் தெரியுது பாருங்க. ஒரு காத்துக்கு அறுத்திருக்கும்."

அண்ணன் அரிவாளோடு மரம் ஏறியது அதற்குத்தான்.

அப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு போகாமல், நடுவில் இருந்த படலைத் திறந்துகொண்டு போனார். அண்ணன் வாழைக்கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். "மூட்டையை நான்தாண்ணே ஒயர் மேல போட்டேன்" என்றார் இவர். அவர் மண்வெட்டியை நிறுத்தாமல், "சாயங்காலம் மடையைத் திறந்துக்க. எனக்கு நாளைக்குப் பாய்ச்சினா போதும்" என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அந்த வீட்டு மோடத்துக்குப் பக்கத்தில் மகள் எழுதி ஒட்டிய ஒரு தாள் இருக்கிறது:

1. பவர் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் பிளக், அடாப்டர்.
2. எல்லாப் போனிலும் இல்லையா, ஒரு போனில் மட்டுமா?
3. மாதப் பணம் கட்டியாயிற்றா?
4. ஒரு நிமிடம் அணைத்துப் போடு. ஐந்து நிமிடம் பொறு. ரீசெட்டைத் தொடாதே.
5. எல்.ஓ.எஸ். சிவப்பா? உள்ளேயிருந்து ஒயரைப் பார்த்துக்கொண்டே போ. மடிப்பு, எலிக்கடி, மூட்டை.
6. புகார் கொடு. எண்ணைக் குறித்துக்கொள்.

அதற்குக் கீழே வேறொரு பேனாவில், கோணலான எழுத்தில் ஏழாவதாக ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் அப்பா.

7. இது எல்லாம் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டைப் பார்.