மூங்கில் பூக்கும் மலைகள்

வடகிழக்கு இந்தியாவின் வரைபடத்தில், ஒருபுறம் வங்காளதேசமும் மறுபுறம் மியான்மரும் நெருக்க, தெற்கு நோக்கி நீண்டு கிடக்கும் சிறிய மாநிலம் மிசோரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 11 லட்சம் மக்கள். அவர்களில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு மிஷனரிகள் 1894 ஜனவரி 11 அன்று இம்மலைகளில் வந்து இறங்கினர். அந்த நாள் இன்றளவும் அங்கே அரசு விடுமுறை. இவையெல்லாம் நம் சபைகளின் மிஷனரி ஞாயிறுகளில் நாம் கேட்டிருக்கிறவைதாம். ஆனால் அந்த மலைப்பாதையில் ஏறிச் செல்லுகிறவனுடைய கண்களில் முதலாவது படுவது ஆலயக் கோபுரங்கள் அல்ல, மூங்கிலே. மலைக்குப் பின் மலையாக, பள்ளத்தாக்கின் அடிவரைக்கும், பச்சைக் கம்பளியை விரித்ததுபோல மூங்கில்!

நெடுங்காலமாக ரயில் பாதை மாநில எல்லையோரத்துப் பைரபியோடு நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 13 அன்று பைரபியிலிருந்து தலைநகர் ஐஸ்வாலை அடுத்த சாய்ராங் வரையில் 51 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. அதற்குள் பல சுரங்கங்கள். ஒரு பாலத்தின் தூண் மட்டும் 104 மீட்டர் உயரம். ஒவ்வொரு சுரங்கத்தைவிட்டு வெளியே வரும்போதும் சன்னலுக்கு அருகே மூங்கிற்காடு நிற்கிறது. டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் விசுவாசிகளுக்கு இனி இப்பயணம் அவ்வளவு கடினமல்ல. ஆனால் வெளிமாநிலத்தார் உள்நுழைவு அனுமதிச் சீட்டு பெற்றே செல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் கடைகள் அடைத்திருக்கும், ஆலயங்கள் நிறைந்திருக்கும்.

அங்கே மிகுதியாய் வளருவது மிசோ மக்கள் 'மௌதாக்' என்றழைக்கும் மூங்கில். நம் நாட்டுப்புறங்களில் முள்மூங்கில் புதர்புதராய் நெருங்கி நிற்பதைக் கண்டிருக்கிறோம். மௌதாக் அப்படியல்ல. அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் நீண்டு ஓடி, எட்ட எட்டத் தனித்தனிக் கழிகளாக எழும்பும். எனவே மலைச்சரிவு முழுவதையும் ஒரு வலைபோலப் பின்னிப் பிடித்துக்கொள்ளுகிறது. பெருமழை பெய்யும் செங்குத்தான மலைகளில் இந்த வலையின் மதிப்பு என்னவென்று அங்குள்ளோரைக் கேட்டால் தெரியும். 2024 மே 28 அன்று ரெமல் புயலின் மழையில் ஐஸ்வாலை அடுத்த கல்குவாரியொன்று சரிந்தது. அன்றைய தினம் அம்மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடைந்தெடுத்த பாறையை மூங்கில் தாங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேல்மண்ணை நிறுத்திவைப்பதில் அதற்கு நிகரானவை சிலவே.

மூங்கில் மரமன்று, புல். 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம் அதை மரம் என்று எழுதிவைத்தது. அதனால் தன் சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டிக் கொண்டுபோகவும் குடியானவன் அனுமதிக்காக அலைய வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டின் இறுதியில்தான் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் புல்லையும் மரத்தையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்க, சட்டம் அதைக் கற்றுக்கொள்ளத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன!

புல்லாயிருப்பதில்தான் அதன் சிறப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் மண்ணைத் துளைத்து வரும் குருத்து எவ்வளவு பருமனோ, அதுவே கடைசிவரைக்கும் அக்கழியின் பருமன். ஒரே பருவத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். பின்பு மூன்று நான்கு ஆண்டுகள் நின்று உறுதிப்படும். அப்பொழுது முதிர்ந்த கழியை மட்டும் வெட்டியெடுத்தால், வேர்க்கிழங்கு சாவதில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் குருத்து விடும். மறு நடவு வேண்டாம், உழவு வேண்டாம். ஒரு தேக்கு மரத்தை வெட்டினால் அதன் இடத்தில் இன்னொன்று ஆளாக ஒரு தலைமுறை செல்லும். காற்றிலுள்ள கரியை மூங்கில் தன்னுள் இழுத்து வைக்கிறதென்று இப்பொழுது பலரும் பேசுகிறார்கள். அது மெய்தான், ஆனாலும் வெட்டாமல் விட்ட கழி சில ஆண்டுகளில் உலர்ந்து மட்கி, எடுத்ததைத் திரும்பக் காற்றுக்கே கொடுத்துவிடும். வீடாகவும் நாற்காலியாகவும் தரைப் பலகையாகவும் மாறி நீண்டகாலம் நிற்கும்போதுதான் அந்தக் கரி பூட்டிவைக்கப்படுகிறது. ஆகவே மூங்கிலை நட்டால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தவும் வேண்டும். நகரத்துக் கடைகளில் 'மூங்கில் துணி' என்று விற்பதைக் குறித்து மட்டும் ஓர் எச்சரிப்பு: அதில் பெரும்பாலானது கடும் இரசாயனங்களில் மூங்கிலைக் கரைத்து இழைத்தெடுத்த செயற்கைப் பட்டு வகையே.

மிசோ மக்கள் இதையெல்லாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. அவர்கள் வீட்டின் சுவர் பிளந்து பின்னிய மூங்கில், தரையும் மூங்கில். ஊற்றிலிருந்து பெண்கள் தண்ணீர் சுமந்து வந்தது மூங்கில் குழாய்களில். மழைக்காலத்தில் இளங்குருத்து அவர்கள் கறி. நிலநடுக்க அபாயம் மிகுந்த அம்மலைகளில் இலேசான மூங்கில் வீடு ஞானமான கட்டடமே. இன்றோ ஐஸ்வாலின் சரிவுகளில் சிமெண்டு மாடிகள் அடுக்கடுக்காய் எழும்பி நிற்கின்றன. வெட்டிய மூங்கிலை அப்படியே மண்ணில் ஊன்றினால் சில ஆண்டுகளில் வண்டும் பூஞ்சையும் தின்றுவிடும் என்பது உண்மை. அதிலுள்ள மாச்சத்தே வண்டுக்கு இரை. குளிர்காலத்தில் வெட்டி, ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைத்தால் அந்தச் சத்து கரைந்துபோகும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் இன்னும் நெடுங்காலம் நிற்கும்.

ஐஸ்வாலுக்குக் கிழக்கே செலிங் பக்கத்து நெடுஞ்சாலையோரத்தில் சிறுசிறு மூங்கில் குடில்கள் இருக்கின்றன. உள்ளே காய்கறிகள், பழங்கள், மூங்கில் குருத்து, விலை எழுதியிருக்கும், காசுபோட ஒரு டப்பா இருக்கும். கடைக்காரர் இல்லை! அவர் மலையின்மேல் தன் கொல்லையில் வேலை செய்துகொண்டிருப்பார். பூட்டுக்குமேல் பூட்டுப் போட்டு வாழும் பட்டணத்துக் கிறிஸ்தவர்களாகிய நாம் அக்குடில்களுக்கு முன்பாகச் சற்று நின்றே கடந்துபோக வேண்டும்.

இனி சொல்லவேண்டியது இந்த மூங்கிலின் மறுபக்கம். மௌதாக் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மலைகள் எங்கும் ஒருமிக்கப் பூக்கும், காய்க்கும், பின்பு மொத்தமாய்ச் செத்துப்போகும். மிசோ மொழியில் இதற்குப் பெயர் 'மௌதாம்', அதாவது மூங்கில் சாவு. நம்மூர் மூங்கிலரிசிபோல நெல்மணி அளவில் அல்ல, பேரிக்காய் அளவில் காய்கள் தொங்கும். அவற்றைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகும். காய்கள் தீர்ந்ததும் அவை இரவோடிரவாக நெற்கொல்லைகளில் இறங்கும். விளைச்சல் போய்விடும், பஞ்சம் வரும். 1862, 1911, 1959, 2007 என்று இது தவறாமல் வந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டிலேயே மிசோ மாவட்டக் கவுன்சில், பஞ்சம் வருகிறது, முன்னேற்பாட்டுக்குப் 15 லட்சம் ரூபாய் தாருங்கள் என்று அசாம் அரசைக் கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று எண்ணி அதை ஒதுக்கிவிட்டார்கள். பஞ்சமோ சொன்னபடியே வந்தது. நிவாரணத்துக்கென்று லால்டெங்கா தலைமையில் எழுந்த பஞ்ச முன்னணி, 1961இல் மிசோ தேசிய முன்னணி என்னும் அரசியல் கட்சியானது. 1966இல் ஆயுதக் கலகம் வெடித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஐஸ்வால்மீது விமானத் தாக்குதலும் நடந்தது. சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1986 ஜூன் 30 அன்று. இருபது ஆண்டுத் துயரம்! பார்வோன் ஏழு வருஷத்துக்கு முன்பாகவே யோசேப்பின் சொல்லைக் கேட்டுக் களஞ்சியங்களைக் கட்டினான். ஒரு புறஜாதி ராஜாவுக்கு இருந்த செவி, அக்காலத்து அதிகாரிகளுக்கு இல்லாமற்போயிற்று.

2007இல் கதை ஓரளவு மாறியது. பஞ்சத்தை எதிர்கொள்ள மாநில அரசு சில ஆண்டுகளுக்கு முன்பே திட்டம் வகுத்தது. கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்தால் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்றும் அறிவித்தது. விளைச்சல் பெருமளவு அழிந்தும், 1959இன் கொடுமை திரும்பவில்லை.

இவ்வளவு நெருக்கத்தில் பஞ்சத்தை அறிந்த அந்த ஜனத்தின் சபையில்தான் ஒரு பழக்கம் வேரூன்றியது. 1910இல் தொடங்கியது, 'புஃபாய் தாம்', அதாவது கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் வீட்டுத்தாய் ஒருபிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கிறாள். சபையார் அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டே மௌதாம் வந்தது. ஆனாலும் அந்தப் பிடி நின்றுபோகவில்லை. இன்று அப்படிச் சேரும் தொகை ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். இந்தியாவின் பல மாநிலங்களில் மிசோ மிஷனரிகள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அசாமின் பாஞ்ச்கிராமிலிருந்த காகித ஆலை மிசோரம் மூங்கிலை வாங்கிவந்தது. 2015இல் அதன் உற்பத்தி நின்றது. வெட்டியவர்களுக்கு ஒரு பெரிய சந்தை போயிற்று. மறுபக்கம், 2022இல் திறந்த பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் நிமிர்ந்து பாருங்கள். கூரை முழுவதும் பதப்படுத்திய மூங்கில். நகரங்களில் கட்டட வேலையிலும் தச்சு வேலையிலும் இருக்கிற நம் சகோதரர்கள் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளலாமே! நம் கன்வென்ஷன் பந்தல்களிலும் ஃபிளெக்ஸ் பலகைக்கும் தெர்மாகோலுக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை மூங்கிலுக்குக் கொடுக்கலாம்.

மிசோரத்தின் காடுகளில் இப்பொழுது நிற்கும் மௌதாக், 2007ஐ ஒட்டி உதிர்ந்த விதைகளிலிருந்து முளைத்தது. கணக்கு தவறாதிருந்தால் அது பூக்கும் ஆண்டு 2055. ஒரே இனத்தை நம்பியிராமல், வேறு வேறு காலங்களில் பூக்கும் பல இன மூங்கில்களைக் கலந்து நட்டுவிட்டால், எல்லாம் ஒரே ஆண்டில் சாகாது. எலிகளுக்கு ஒருமிக்க விருந்தும் கிடையாது. இன்று நட்டால் அதற்குக் காலம் இருக்கிறது.